தமிழில் வந்த ஒரே பதில்

செப். 3, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். பாகூர் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இல்லை. லேபில் ஏசி பாதி நாள்தான் ஓடியது.

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து எல்லோர் போனுக்கும் ஒரு படிவம். உங்கள் கிளை மேனேஜரைப் பற்றி மனம் திறந்து சொல்லுங்கள், பெயர் தேவையில்லை. வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும்.

அவரைத் தவிர்த்தால் பதினோரு பேர் நாங்கள். பதினோரு பேருக்குள் பெயர் இல்லாமல் இருப்பது எப்படி?

"குட்னு போட்டுட்டு வேலயப் பாருங்க," என்றாள் ரிசப்ஷன் கவிதா. "நமக்கு இன்னாத்துக்கு வம்பு."

மேனேஜரை இனி இங்கே மே. என்றே எழுதுகிறேன். யாரும் எடுத்துப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும்.

வாங்க வேண்டியவை: பேனா, அம்மாவுக்குத் தைலம், குடைக்குக் கம்பி.

செப். 5, வியாழன்

மே.யின் அதே கெடுபிடி இன்றும். பாத்ரூம் போக எழுந்தேன். கவுண்டரில் ஏழெட்டுப் பேர் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கக் காத்திருக்கிறார்கள். மே. தன் அறை வாசலில் நின்றபடி, "எங்க? சத்தமா சொல்லிட்டுப் போங்க." பெண்களிடம் மட்டும் இப்படி. இங்கே இருக்கும் இரண்டு ஆண்களிடம் கேட்டதே இல்லை.

வாய் வரவில்லை. திரும்ப உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணிக்கு ஷிப்ட் முடியும் வரை. இரண்டாம் நாள் வேறு. அடிவயிறு கல் மாதிரி.

பஸ்ஸில் படிவத்தைத் திறந்தேன். ஆங்கிலத்தில் நாலு வரி, அழித்தேன். அதில் படித்தால் வேறு யாருக்கோ நடந்தது போல இருந்தது. தமிழில் எழுதினேன். நிற்காமல் வந்தது. அனுப்பிய பிறகு பயம். கொஞ்சம் சந்தோஷமும்.

செப். 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. வந்தவர்களிடமெல்லாம் அப்பா, "டவுன்ல லேபுல ஆபீசரா கீது பொண்ணு." ரிப்போர்ட் டைப் செய்கிறேன் என்று நான் திருத்தவில்லை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். இந்த வேலை போனால் அவர் என்ன சொல்வார், யாரிடம் சொல்வார்?

செப். 9, திங்கள்

காலை மீட்டிங். மே. கையில் தாள். சென்னைக்காரர்கள் பதில்களை அப்படியே அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெயர்தான் இல்லை.

ஒவ்வொன்றாகப் படித்தார். குட். வெரி குட். நோ கமெண்ட்ஸ். பத்தும் இப்படியே.

"தமிழ்ல ஒண்ணு வந்திருக்கு. கவிஞர் யாருன்னு பாப்போம்."

என் வரிகளை அவர் குரலில் கேட்டேன். பெண்கள் பாத்ரூம் போவதை நோயாளிகள் முன்னால் சத்தமாகச் சொல்ல வைக்கிறார். ஏழு மணி ஷிப்டுக்கு வந்தவர்களைப் பதினொன்று வரை பசியாற விடுவதில்லை.

பசியாற. அங்கே நிறுத்தினார். எல்லோரும் நஸ்ரின் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குப் பக்கத்து நாற்காலி அவர். தினமும் மேசை மேசையாக வந்து "பசியாறியாச்சா?" என்று கேட்பவர். மற்றவர்கள் டிபன் என்போம், நாஷ்டா என்போம். முல்லா வீதியில் அவர் வீட்டில் அப்படிச் சொல்கிறார்கள். ஒன்றரை வருடம் அவர் டப்பாவில் சாப்பிட்டு அந்த வார்த்தை என்னிடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுதும்போது தெரியவே இல்லை.

மே. தாளை மடித்தார். "சரி" என்றார். அவ்வளவுதான்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செப். 10, செவ்வாய்

அக்காவுக்கு அடுத்த திங்கள் முதல் மாலை ஷிப்ட். ஒன்றிலிருந்து எட்டு வரை. மகள் மூன்றாம் வகுப்பு, மூன்றரைக்குப் பள்ளி விடும். இதுவரை லேபிலிருந்து நேரே போய்க் கூட்டிவந்தார். கணவர் துபாயில்.

காரணம் கேட்டதற்கு மே., "இனிமே வீட்லயே நிதானமா பசியாறிட்டு வரலாம்ல?"

கவிதா சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா என்னிடம்: "நான் எழுதவே இல்லடி. அல்லா மேல ஆணயா குட்னுதான் போட்டேன்."

"தெரியும்க்கா."

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?

செப். 11, புதன்

மழை. குடைக்கு இன்னும் கம்பி போடவில்லை. மதியம் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

அக்கா வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"மூணு நாளா பக்கத்துலயே உக்காந்துகினு இருந்த."

"ஆமாக்கா."

"என் டப்பால கை வெச்சுகினு."

அழுதேன்.

"நீ ஏன்டி அழற? அழ வேண்டியவ நானு."

பாதி சாப்பாட்டோடு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செப். 12, வியாழன்

மே. அறைக்குப் போனேன். பஸ்ஸில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம்.

"சார், அதை எழுதினது நான்தான்."

நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "உனக்குப் பேச்சே வராது. நீ எழுதினியா?"

"நான்தான் சார்."

"நஸ்ரின் சொல்லிக்குடுத்து அனுப்பினாங்களா? நல்ல பொண்ணு நீ. இதுல தலையக் குடுக்காத. போ."

வெளியே வந்து நாலு ரிப்போர்ட் டைப் செய்தேன். ஒன்றில் வயதைத் தப்பாகப் போட்டேன்.

பெயர் வேண்டாம் என்றுதான் எழுதினேன். இன்று பெயரைச் சொன்னேன். அப்போதும் அது என்னுடையதாகவில்லை.

செப். 13, வெள்ளி

பட்டியல் ஒட்டியிருந்தது. மாலை ஷிப்ட்: நஸ்ரின், அடுத்து என் பெயர், தேவி. என்னை நம்பவில்லை. தண்டனை மட்டும் உண்டு. வீட்டில் என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை.

அக்கா அதைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"சார்கிட்ட போய் சொன்னியாமே."

"நம்பலக்கா."

"எப்படி நம்புவாரு? நீ முழுசா ஒரு வாக்கியம் பேசி நானே கேட்டதில்ல."

"சென்னைக்கு மெயில் எழுதப் போறேன்க்கா. பேர் போட்டு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் போகவில்லை. முகத்தில் தெரிந்தது.

"என் பேரையும் போடு. எழுதாததுக்கே வாங்கியாச்சு. எழுதிட்டு வாங்குனா இன்னா?"

"பாப்பாவ யாருக்கா கூட்டிட்டு வருவா?"

"தெரியல. அதையும் எழுது."

எழுதினேன். பாத்ரூம், ஷிப்ட், பள்ளி விடும் நேரம். அக்கா எட்டிப் பார்த்து ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தினார். கீழே இரண்டு பெயர்.

மே. அறைக் கதவு திறந்தது. "ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க?"

"சென்னைக்கு மெயில் சார்," என்றார் அக்கா.

நான் அதற்குள் அனுப்பியிருந்தேன்.