சனிக்கிழமைச் சாப்பாடு

ஏங்க என்று கூப்பிட்டால் "ம்" என்று மட்டும் சொல்லும் என் அன்பானவருக்கு,

போன வாரம் எனக்கும் பிரஷர் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். தலைசுற்றல் இல்லை, மயக்கம் இல்லை. உங்களுக்கும் அப்படித்தானே இருந்தது? தினம் ஒரு மாத்திரை, பிரஷர் குறைந்தாலும் நானாக நிறுத்தக் கூடாது என்றார் டாக்டரம்மா. உப்பைப் பாதியாக்கச் சொன்னபோதுதான் எனக்கு முகம் வெளுத்துவிட்டது.

ஏனென்று இன்று சொல்லிவிடுகிறேன். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமை தவறாமல் காட்டூரில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, ஸ்ரீரங்கத்தில் நான் அண்ணி என்று கூப்பிடும் உங்கள் அக்கா வீட்டுக்குப் போவீர்கள். திரும்பி வந்ததும் அண்ணியின் குழம்பைப் பற்றியே பேச்சு. மற்ற ஆறு நாளும் டாக்டர் சொன்னபடி உப்பைக் குறைத்துச் சமைத்தவள் நான். எனக்குக் கிடைத்ததோ உங்கள் சுளித்த முகம். வயிறு எரியாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழையபடி உப்பைப் போட்டு வத்தக்குழம்பு வைத்தேன், அப்பளமும் பொரித்தேன். தட்டை வழித்துவிட்டு, "இப்பத்தான் கமலா உனக்கு அக்கா கைப்பக்குவம் வந்திருக்கு" என்றீர்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதன்பிறகு நான் உப்பைக் குறைக்கவே இல்லை. நீங்கள் மாத்திரையை ஒழுங்காகத்தான் போட்டீர்கள். பிரஷர் இறங்காமல் டாக்டர் மாத்திரையைக் கூட்டியபோதெல்லாம் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தக் காலையில் உங்கள் வாய் கோணியது, மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். உப்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்கிறார் டாக்டரம்மா. என் மனசு கேட்கவில்லை.

நேற்று ஸ்ரீரங்கம் போனேன். அண்ணி அதே குழம்பைப் பரிமாறினார். அவ்வளவு ருசி. எனக்கு உப்பு ஆகாதே என்று தயங்கினேன்.

"பாதி உப்புதான், பயப்படாம சாப்பிடு. தம்பிக்குப் பிரஷர்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து இப்படித்தான் வைக்கிறேன். பூண்டும் மிளகும் கூடப் போட்டு, கடைசியா எலுமிச்சை பிழிஞ்சிட்டா நாக்குக்குத் தெரியாது. அவன்கிட்டகூட நான் சொன்னதில்லை."

சோற்றில் கை வைத்தபடி அழுதேன். உங்களை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது எனக்கு.

மாத்திரையை ஒரு நாளும் விட மாட்டேன். வரும் சனிக்கிழமை அண்ணியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு, அவர் அடுப்படியில் நின்று அந்தக் குழம்பைக் கற்றுக்கொள்வேன். இது சத்தியம். ஆனால் பொறாமை மட்டும் போகமாட்டேன் என்கிறதுங்க. வாரத்தில் ஒரு நாளாவது உங்களைக் காப்பாற்றியது அவர்தான். அது நானாக இருந்திருக்கக் கூடாதா?

உங்கள் வீட்டுக்காரி,
கமலா