உச்சி என்று நான் சொன்ன பாறை

அத்தான்,

முட்டுக்குத் தைலம் தேய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்கா காய்ச்சிய தைலம். அதன் வாடை தாங்காமல் நம் தெரு நாய்களெல்லாம் இந்நேரம் திருவட்டாறு தாண்டியிருக்கும். கட்டிலிலிருந்து வாசல்வரை போவதே இப்போது எனக்கு ஒரு யாத்திரை. நேற்று முன்தினம் மறுபடியும் அந்த மலைக்குப் போனோம். பேச்சிப்பாறை அணையில் படகேறி, அக்கரையில் இறங்கி, ஏழு வருஷத்துக்கு முன்னால் உங்களோடு போன அதே வழியில். போய் வந்த களைப்பில் எழுதுகிறேன். நீங்கள் உயிரோடு இருந்த காலத்தில் சொல்லாமல் தப்பித்த விஷயம் ஒன்று இருக்கிறது.

பாலைவனத்தில் இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு நீங்கள் நம் ஊர் கருங்கலுக்கே திரும்பிவிட்ட வருஷம் அது. "நாப்பது மாடி ஒசரத்துல இருந்து பாத்தாச்சு மக்கா, மணலு மட்டுந்தான் தெரிஞ்சுது. நம்ம மலை உச்சியில நின்னு நம்ம வீட்ட ஒருக்கா பாக்கணும்" என்றீர்கள். வேறு எதற்கும் நீங்கள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

"அந்த மலையா? நான் பதினோரு தடவ ஏறினதாக்கும் அத்தான். அங்க உள்ள யானைக்கெல்லாம் என்னத் தெரியும், ஒதுங்கி வழிவிடும்" என்றேன். உண்மையில் அதுவரை நான் படகுத்துறைக்கு மேலே போனதில்லை. அங்கே பொரித்த மீன் தின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பியதுதான் என் பதினோரு படையெடுப்பும்.

நீங்கள், அக்கா, அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்த உங்கள் மகள், நான். நாலு பேருக்கு அக்கா ஏற்றிய மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் பார்த்தால் நோவாவின் பேழையே வெட்கப்பட்டிருக்கும். "நாலு மணிக்குக் கடைசிப் படகு. விட்டாச்சுன்னா இங்கனயே கெடக்க வேண்டியதுதான்" என்றார் படகுக்காரர். நான் அவருக்கே வழி சொல்லிக்கொடுக்கிற தோரணையில் தலையாட்டினேன்.

ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் பாதை இரண்டாகப் பிரிந்தது. "எந்தப் பக்கம் மக்கா?" என்று கேட்டீர்கள். இடதுபக்கம் செங்குத்து. வலதுபக்கம் கொஞ்சம் சாய்வு. "வலத்த பக்கம் அத்தான். கண்ணக் கட்டி விட்டாலும் போவேன்." ரெண்டு மணி நேரத்தில் அந்தப் பாதை ஒரு பெரிய பாறையில் போய் முடிந்தது. சுற்றிலும் பனிமூடல். இமயத்தையே காலில் போட்டு மிதித்தவன்போல இடுப்பில் கை வைத்து, "இதாக்கும் உச்சி!" என்று அறிவித்தேன்.

"இவ்வளவுதானாலே?" என்றாள் அக்கா.

"பின்ன, உச்சியில கொடி நட்டு வெச்சிருக்குமா?"

நீங்கள் முதலில் ஜெபம் பண்ண வேண்டும் என்றீர்கள். தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடினீர்கள். "இந்த மலையின் உச்சிவரைக்கும் எங்களை நடத்திக்கொண்டு வந்த ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்." எல்லாருடைய கண்ணும் மூடியிருந்தது. ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து ஜெபத்தில் மூடாத கண் என்னுடையது. பின்பக்கம் திரும்பினேன். மூடல் விலகியது. நாம் ஏறியதைப்போல இன்னொரு மடங்கு உயரத்தில், மேகத்தில் தலையை வைத்துக்கொண்டு நின்றது உச்சி. ஏறாத உச்சிக்கு நீங்கள் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் சொன்ன ஆமென் சுசீந்திரம்வரை கேட்டிருக்கும்.

"கருங்கல் எங்கன மக்கா?"

"அந்தா, ரெண்டு தென்னைக்கு எடையில ஒங்க வீட்டுத் தண்ணி டேங்கு மின்னுது பாருங்க." கடல் பக்கம் முழுக்க வெள்ளை மூடல். தென்னையும் இல்லை, டேங்கும் இல்லை. நீங்கள் நெற்றியில் கை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "தெரியுது" என்றீர்கள்.

அப்புறம் ஐந்து வருஷம், ஒரு கல்யாண வீடு விடாமல் அதைச் சொன்னீர்கள். ஒவ்வொரு தடவையும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டீர்கள். நானும் ஒவ்வொரு தடவையும் ஒரு சிறுத்தையைச் சேர்த்தேன். கடைசியில் உங்கள் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று போதகரும் அந்த உச்சியைப் பற்றிப் பேசினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்தார்கள். அழவும்தான் செய்தேன்.

இப்போது உங்கள் மகள் அவள் வேலை பார்க்கிற மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கிறாள். "அப்பா நின்ன எடத்துல ஒருக்கா நிக்கணும் மாமா" என்றாள். அக்காவும் கிளம்பினாள். உச்சிக்கு இடதுபக்கம்தான் போகவேண்டும் என்று படகுக்காரர் மகளிடம் சொல்லியிருந்தார். பாதை பிரிகிற இடத்தில் அவள் நேரே இடதுபக்கம் திரும்பினாள். நானும் பின்னாலேயே போயிருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் உங்களைத் தேடிக்கொண்டு நீங்கள் போகாத இடத்துக்குப் போகிறாள். ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டேன்.

"மக்ளே, அப்பா அந்தப் பக்கம் போவல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். சிறுத்தைகளைக்கூட ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்துக்கொண்டேன். அக்காவுக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். "ஏலே, அவரு ஜெபம் பண்ணும்போ நீ கண்ணத் தொறந்துகிட்டா நின்ன?"

மகள் ஏறிய ரெண்டடியைத் திரும்ப இறங்கி வந்தாள். பிறகு, "நான் உச்சியப் பாக்க வரல்ல மாமா" என்று சொல்லிவிட்டு வலதுபக்கம் நடந்தாள்.

அன்றைக்கு வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. பாறையில் நின்றால் உச்சி பின்னால் அப்படியே தெரிந்தது. அவள் திரும்பி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா திரும்பிப் பாத்தாரா மாமா?"

வாயைத் திறந்தேன். நாற்பது பொய் நாக்கில் வரிசையாக நின்றது. ஒன்றுகூட இறங்கவில்லை. அன்றைக்கு ஆமென் சொன்ன கையோடு உங்கள் தோள் இரண்டையும் பின்னாலிருந்து பிடித்துக் கடல் பக்கமே நிறுத்தினேன். பாசம் என்று நினைத்து என் கைமேல் உங்கள் கையை வைத்தீர்கள். பிறகு நான் குனிந்து கறிப் பாத்திரத்தைத் திறந்த நேரத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

"தெரியல்ல மக்ளே" என்றேன். அது உண்மை.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன் அத்தான். வியர்வையில் நனைந்த அந்தச் சட்டைக்குள் உங்கள் தோள் ஒருதடவை பின்பக்கம் திரும்ப முயன்றது. நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த அசைவு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.