கோவையிலிருந்து ஒரு மணி பத்து நிமிடம்

அனுப்புநர்:
முத்தம்மாள் (வயது 67),
க/பெ. சம்பத் (காலஞ்சென்றவர்),
குளக்கரைத் தெரு, திருமுல்லைவாயில்.

பெறுநர்:
காவல் ஆணையர் அவர்கள்,
ஆவடி.

பொருள்: என் மகள் சுலோசனாவை அடித்தது திருடன் அல்ல, அவள் கணவர் ஹேமநாதன் என்பதால் மூடிய வழக்கைத் திரும்ப விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மூன்றாவது வரை படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும். ஞாபகம் கோணாது.

2. சென்ற 18.6.2025 புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்கு மகள் என்னோடு போனில் பேசினாள். யாரோ பெல் அடிக்கிறார்கள் என்று வைத்துவிட்டாள். ஒன்பதரைக்கு நான் அயனம்பாக்கத்தில் அவள் வீட்டுக்குப் போனால் கதவு திறந்து கிடக்கிறது. அவள் சமையல்கட்டில் கிடந்தாள். தாடை இரண்டாக உடைந்திருந்தது. மூன்று பற்களை நான்தான் தரையிலிருந்து பொறுக்கினேன். அவள் வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது.

3. மருமகன் மறுநாள் காலை பஸ் டிக்கெட்டோடு வந்து அழுதார். புதன் அதிகாலை நாலரைக்கு அவர் கோவையில் லாட்ஜை விட்டு வெளியே போவது கேமராவில் இருக்கிறது. கோவை ஐந்நூறு கிலோமீட்டர், எட்டு மணி நேரம், ஒன்பது மணிக்குள் எப்படி இங்கே வருவார், இது திருடன் வேலை என்று விசாரித்த அதிகாரி எழுதி மூடிவிட்டார். "இன்னா கெயவி, நான் இன்னா பறந்தா வந்தேன்?" என்று மருமகன் எல்லோர் முன்னாலும் கேட்டார். அதிகாரியும் சிரித்தார்.

4. ஆமாம் ஐயா, பறந்துதான் வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் மகள் கையைப் பிரித்து ஒரு காகிதப் பட்டையை எடுத்துக் கொடுத்தார். விமானத்தில் பெட்டிக்குக் கட்டுகிற பட்டை. மருமகன் அதைக் கிழிக்கவே மாட்டார். விமானத்தில் போய் வந்ததைத் தெரு பார்க்க வேண்டும் அவருக்கு. அந்தப் பெட்டியில் அவர் கம்பெனி விற்கிற மோட்டார் பம்ப் ஒன்று சாம்பிளுக்கு இருக்கும், பன்னிரண்டு கிலோ இரும்பு. அதைத் தூக்கித்தான் அடித்திருக்கிறார். பட்டையில் அவர் பெயர், 18ஆம் தேதி, கோவை, சென்னை எல்லாம் இருக்கின்றன. என் மகளின் ரத்தமும் இருக்கிறது.

5. மாதாமாதம் விமானத்தில் கோவை போய்வரும் பக்கத்து வீட்டு அகல்யாதான் படித்துச் சொன்னாள். வான்வழியில் நானூற்று முப்பது கிலோமீட்டர்தானாம். ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழு பத்துக்கு மீனம்பாக்கம். பெட்டி வர இருபது நிமிடம். பைபாஸில் அயனம்பாக்கத்துக்கு முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். பெல் அடித்தது யார் என்று தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

6. 2014 தீபாவளியன்று இதே மனிதர் கொதிக்கும் எண்ணெய்க் கரண்டியை அவள் இடது தோளில் வைத்தார். 2022 மார்ச் 9 அன்று கதவிடுக்கில் விரலை நசுக்கினார். அதற்கு நான் ஸ்டேஷனில் கொடுத்த மனுவைக் காணோம் என்றார்கள். வாங்கியவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

7. இப்போது அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி பிழிகிறார். தாடையில் கம்பி கட்டிய என் மகள், யார் அடித்தது என்று கேட்டால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள். வியாழன் காலை பத்து மணிக்கு டிஸ்சார்ஜ். அவர்தான் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகிறாராம்.

8. அதற்குள் அவரைக் கைது செய்யப் பணிந்து வேண்டுகிறேன். பட்டையின் நகல் இத்துடன் இருக்கிறது. அசல் என் ரவிக்கைக்குள் இருக்கிறது, தங்கள் கையில் மட்டும் தருவேன். யாரும் வராவிட்டால் வார்டு வாசலில் நான் அரிவாள்மணையோடு நிற்பேன் என்பதையும் மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் அலுவலகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் இருபத்தைந்து நிமிடம். அதையும் விசாரித்துவிட்டேன்.

இடம்: திருமுல்லைவாயில்
நாள்: 24.6.2025

வழி பார்த்திருக்கும்,
முத்தம்மாள்