உடையாத நீல வளையல்கள்

இன்று நடந்ததை ஒன்றும் மறைக்காமல் உனக்கு எழுதுகிறேன். பல்பின் சூட்டில் வெந்த அட்டைப்பெட்டியின் வாசனை இன்னும் என் தாவணியில் இருக்கிறது. அறிவியல் கண்காட்சியில் காலையிலிருந்து நின்றதில் கால் கடுக்கிறது. கண்ணாடி பிறந்த கதையில் நீ சொல்ல வேண்டிய பாதியையும் நானே சொன்னேன்.

மேசையில் கண்ணாடி செய்ய உருக்கும் பொருள்கள்: ஆற்று மணல், சலவை சோடா, உன் அப்பா அரியலூர் குவாரியிலிருந்து கொண்டுவந்த சுண்ணாம்புக்கல். பின்னால், உள்ளே பல்பு எரியும் அட்டைப்பெட்டியின் முகப்பில், நாம் வீடு வீடாகக் கேட்டு வாங்கி ஒட்டிய உடைந்த வளையல் துண்டுகள். மணலில் உள்ள இரும்பு கண்ணாடியைப் பச்சையாக்கும். கொஞ்சம் மாங்கனீசு சேர்த்தால் பச்சை போய்விடும், மிஞ்சினால் ஊதாவாகிவிடும் என்று நூலகத்தில் நான் படித்துக் காட்டியபோது நீ சிரித்தாய். "எங்கம்மா சோடா கூடப் போட்டா சட்டை வெளுத்துப்போவுது, இதுல கூடப் போட்டா கலரு வருதாடி?" அதை அப்படியே இன்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

நீலம் மட்டும்தான் நமக்குக் கிடைக்கவில்லை. பழைய எகிப்தில் கோபால்ட் சேர்த்து, விலையுயர்ந்த நீலக்கல் போலவே கண்ணாடி செய்தார்கள் என்று அட்டையில் எழுதிவிட்டோம். ஒட்டத் துண்டு இல்லை. உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து யோசித்தபோது உன் கையில் இரண்டு நீல வளையல்கள் குலுங்கின. "இதுல ஒரு வளையல ஒடச்சிருவோமா?" என்றேன்.

உள்ளேயிருந்து உன் அம்மா அதட்டினார். "கையில கெடக்குற வளையல யாராச்சும் ஒடப்பாங்களா? தானா ஒடைஞ்சா எடுத்துக்குங்க."

நீ என் காதில் சொன்னாய்: "பொறுடி புத்தகப்புழு. நான் தெனம் எதுலயாவது முட்டிக்கிறவதானே? கண்காட்சிக்குள்ள ஒடைஞ்சிரும்."

உடையவில்லை. காய்ச்சலில் உன்னைத் திருச்சிக்குக் கொண்டுபோய், குளுக்கோஸ் ஏற்றுவதற்காகக் கழற்றியபோதும் அவை முழுதாகவே இருந்தன. நீதான் திரும்பி வரவில்லை.

இன்று காலை உன் அம்மா பள்ளிக்கு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு வளையல்களையும் என் கையில் வைத்தார். "நீலம் வேணும்னியே பாப்பா. இப்ப ஒடச்சிக்க."

அவர் போனபின் அந்தச் சுண்ணாம்புக்கல்லைக் கையில் எடுத்தேன். ஓங்க முடியவில்லை. முழு வளையல்களையே நூலில் கட்டி, பல்புக்கு முன் தொங்கவிட்டேன்.

மதிப்பெண் போட வந்தவர் கேட்டார். "மத்ததெல்லாம் துண்டா இருக்கு. இது மட்டும் ஏம்மா முழுசா இருக்கு?"

"அது இன்னும் ஒடையல சார்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மாலையில் கூட்டம் கலைந்தபின் வளையல்களை அவிழ்த்து என் கையில் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் இறுக்கம். எதிலும் முட்டிவிடாமல், கையை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் விளக்குகளை அணைத்தார்கள்.