டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அக்கா

கார்த்திகை, செவ்வாய் இரவு.

இன்று அவரும் நானும் வேங்கிக்காலில் இருக்கும் முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குப் போனோம். அடுத்த வாரம் அவருக்கு இருதய ஆபரேஷன். அதற்குள் பட்டாளத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி பெயரை மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் அவருக்குப் பிறகு பென்ஷன் எனக்கு... வேண்டாம், அதை எழுத மாட்டேன்.

அதில் இருப்பது என் அக்கா மல்லிகாவின் பெயர். அவள் இறந்த வருஷமே லீவில் வந்து என்னைக் கட்டிக்கொண்டவர், பட்டாளத்துக்கு அவள் சாவையும் சொல்லவில்லை, என் கல்யாணத்தையும் சொல்லவில்லை. ஆடிக்கு ஆடி புடவை வைத்து நான் அக்காவுக்குப் படைக்கிறேன். பட்டாளத்தில் மட்டும் அவள் சாகவே இல்லை.

"இவங்கதான் மல்லிகாங்களா?" என்று கிளார்க் கேட்டார்.

"ஆமாங்க" என்றார் இவர்.

"நான் வசந்தாங்க. மல்லிகா எங்க அக்கா. அவங்க செத்துட்டாங்க" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்போ முதல் மனைவி இறந்துட்டாங்கன்னு சார் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுங்க" என்று கிளார்க் ஒரு பேப்பரைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் அதை அவர் முன்னால் வைத்தேன். "எதுக்கு ஆமான்னீங்க?"

"வாயில வந்துடுச்சி." பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். பிறகு, "அவ பேரு வேற எங்கியும் இல்ல, வசந்தா" என்றார்.

எனக்கு மட்டும் அவள் யாரோவா? இருந்தும், "போடுங்க" என்றேன்.

பேனா இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. இதைப் பென்சிலில் எழுதுகிறேன்.