நாற்பதுக்கு நாற்பது

சான் மார்கோஸ் மேடு,
வஹாக்கா மலை
9 அக்டோபர் 2011

அன்புத் தங்கை ஒத்திலியாவுக்கு,

உன் ஒன்பதாவது வயதில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அண்ணா, ஊர்ல எல்லா ஆம்பளையும் சீட்டியில பேசிக்கிறாங்க. நீ மட்டும் ஏன் பேசுறதே இல்ல?" நான் வாத்தியாராக ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். "படிச்சவன் வாயால பேசுவான். சீட்டியடிக்கக் குருவி இருக்கு" என்றேன். நீ மரத்தில் இருந்த குருவியைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். பதில் போதவில்லை என்று தெரிந்தது.

உன் கடிதம் வந்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. நாற்பத்து நான்கு வயதில் வேலையை விட்டு வின்னிபெக் போனாய், மொழியியல் படிக்கிறேன் என்றாய். ஏதோ பெரிய மொழி என்று நினைத்தேன். கடைசியில் நம் ஊர் ஆண்களின் சீழ்க்கையைத்தான் படிக்கிறாயா! உன் அண்ணி எர்மெலிந்தா அடுப்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "உங்க தங்கச்சிய நாம பனியில கொண்டு போய் விட்டது இதுக்குத்தானா?" என்கிறாள். அவளுக்கு உள்ளுக்குள் பெருமை. எதிர்வீட்டில் இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

இங்கே கைபேசிக் கோபுரம் வந்துவிட்டது. ஆனால் காப்பிச் சரிவில் இறங்கினால் சிக்னல் இல்லை. ஆகவே சீழ்க்கைக்குக் குறைவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுது. முப்பத்தெட்டு வருடம் வகுப்பு நடத்தியவன், ஒரு தேர்வு நடத்த மாட்டேனா?

அண்ணன்,
ஃபிதென்சியோ


வின்னிபெக்
2 நவம்பர் 2011

அன்புள்ள அண்ணா,

இன்று ஆத்மாக்களின் நாள். என் ஜன்னல் விளிம்பில் அப்பா அம்மா படத்தை வைத்து, ஒரு ஆரஞ்சு, கொஞ்சம் சாக்லெட், கடையில் வாங்கிய ரொட்டி படைத்தேன். சாமந்திக்கு எங்கே போவேன்? மஞ்சள் காகிதத்தில் வெட்டி ஒட்டினேன். அறைத்தோழி கேட்டாள், "யாருக்குப் பிறந்தநாள்?" என்று. "கிட்டத்தட்ட" என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பேச்சில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. அதை மட்டும் உதட்டில் எடுத்து எதிர்மலைக்கு அனுப்புகிறார்கள். இதை என் பேராசிரியர் ஹால்டார்சன் அம்மா நம்புகிறார். என் ஆய்வை மதிப்பிடும் குழுவில் மற்ற இருவர் நம்பவில்லை. "நாலைந்து பழகிய சைகைகள் இருக்கலாம், எதை வேண்டுமானாலும் சொல்ல முடியுமா?" என்கிறார்கள். ஏப்ரல் இருபதாம் தேதி நான் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், மே மாதம் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இதோடு பசை போட்டு மூடிய உறை ஒன்று வருகிறது. உள்ளே நாற்பது வாக்கியங்கள். அதை செனைதோவிடம் கொடு. அவனைவிடச் சுத்தமாகச் சீழ்க்கையடிப்பவர் இல்லை, உன்னிடம் படித்ததால் வாசிக்கவும் தெரியும். அவன் எதிர்ச்சரிவில் நின்று ஒவ்வொன்றாக அடிக்கட்டும். நீ இருநூறு அடி தள்ளி நின்று, காதில் விழுந்ததை எழுது. சிறு ஒலிப்பதிவுக் கருவியும் வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று, அண்ணா: நீ உறையைத் திறக்கக் கூடாது. கேட்பவனுக்கு முன்கூட்டியே தெரிந்தால் அது தேர்வே இல்லை. இதை உனக்கு நான் சொல்ல வேண்டுமா!

உன்,
ஒத்திலியா


சான் மார்கோஸ் மேடு
4 டிசம்பர் 2011

அன்புத் தங்கைக்கு,

வேலை முடிந்தது. நாற்பதுக்கு நாற்பது! என் வகுப்பில் யாரும் வாங்காத மதிப்பெண்.

வியாழக்கிழமை காலை பனிமூட்டம் விலகியதும் போனோம். செனைதோ உடனே ஒப்புக்கொண்டான், அதுவே எனக்கு ஆச்சரியம். "வாத்தியாருக்காகச் சீட்டியடிக்கச் சொன்னா யாராவது மாட்டேம்பாங்களா?" என்று பல்லைக் காட்டினான். எதிர்ச்சரிவில் பலாப்பழ நிறச் சட்டையோடு நின்றான். நான் களத்து மேட்டில் ஸ்டூல் போட்டு, தொப்பி வைத்து, நோட்டோடு உட்கார்ந்தேன். காப்பிக் கொட்டை துழாவிக்கொண்டிருந்த பெண்கள் ஆரம்பத்திலிருந்தே சிரித்தார்கள். எர்மெலிந்தா முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். என் தொப்பியைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன், அது கொஞ்சம் பெரிது.

ஏழாவது வாக்கியத்தை மட்டும் உதாரணத்துக்குச் சொல்கிறேன்: "கழுதை வேலியைத் தாண்டிவிட்டது." பெருமூச்சு மாதிரி எழும்பி இறங்கியது. உடனே எழுதிவிட்டேன்.

தாளும் ஒலிப்பதிவு அட்டையும் இதோடு. உன் குழுவில் நம்பாத அந்த இருவருக்கும் என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அண்ணன்,
ஃபிதென்சியோ


வின்னிபெக்
15 ஜனவரி 2012

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

உன் தாளைப் பார்த்து ஹால்டார்சன் அம்மா மேசையைத் தட்டிச் சந்தோஷப்பட்டார். பிறகு நான் ஒலிப்பதிவைக் கேட்டேன். நானும் அந்த ஊர்ப் பெண். நாங்கள் அடிக்க மாட்டோம், ஆனால் ஒரு சீழ்க்கை விடாமல் புரியும் என்பதை நீ மறந்துவிட்டாய்.

செனைதோ முதல் மூன்றுதான் பட்டியலிலிருந்து அடித்தான். நான்காவது: "வாத்தியார் தொப்பிக்குள்ள கோழி குடியிருக்கு." ஐந்தாவது: "எழுதுறாரு பாருங்க, என்னத்த எழுதுறாரோ!" ஏழாவது: "கழுதை ஸ்டூல்ல உக்காந்திருக்கு." அதற்குத்தான் பெண்கள் அப்படிச் சிரித்திருக்கிறார்கள். உன் தாளில் வேலி தாண்டிய கழுதை அழகாக இருக்கிறது, என் பட்டியலில் இருந்தபடியே, ஒரு புள்ளி பிசகாமல்.

கடைசியில் அவன் விளையாட்டை நிறுத்திவிட்டான். நாற்பதாவது இது: "வாய் நிறையத் தண்ணி வெச்சுக்கிட்டு நிக்கச் சொல்லுங்க இவரை. மணி அடிக்கிற வரைக்கும்."

அண்ணா, பள்ளியில் சீழ்க்கையடித்த பையன்களுக்கு நீ கொடுத்த தண்டனை அது. செனைதோ எத்தனை முறை நின்றான் என்று எனக்குத் தெரியாது. நான் ஒரு முறை நின்றேன். அப்பா எதிர்மலையிலிருந்து கூப்பிட்டார், நான் வகுப்பு ஜன்னலிலிருந்து பதில் அடித்துவிட்டேன். ஒன்பது வயது. அந்தத் தண்ணீர் மண்பானை வாசனையோடு வாயில் சூடாகிப்போனது இன்றும் நினைவிருக்கிறது.

தாளும் பதிவும் பொருந்தவில்லை என்று இங்கே யாருக்கும் தெரியாது. நம் பேச்சு தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். அப்படியே கொடுத்தால் ஏப்ரல் இருபது சுலபமாகக் கடந்துவிடும். ஆனால் நான் ஹால்டார்சன் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் உன் தாளைக் கோப்பிலிருந்து எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "இருபதாம் தேதிக்குள் உண்மையானது வந்தால் பார்க்கலாம்" என்றார்.

இன்னோர் உறையை இணைத்திருக்கிறேன். புது வாக்கியங்கள். நான் கேட்பது ஒன்றுதான்: நீ ஏன் உறையைத் திறந்து பார்த்து எழுதினாய்?

ஒத்திலியா


வின்னிபெக்
20 பிப்ரவரி 2012

அண்ணா,

பதில் இல்லை. எர்மெலிந்தா அண்ணியைக் கடைத்தொலைபேசியில் பிடித்தேன். "உங்க அண்ணன் நல்லாத்தான் இருக்கார், பேச்சுதான் இல்ல" என்றார். நான் கோபமாக இல்லை. வந்தால் சரி, வராவிட்டால் மே மாதம் அறுவடை முடிந்த சமயம் ஊருக்கு வருவேன். அப்போதும் நீ எனக்கு அண்ணன்தான்.

ஒத்திலியா


சான் மார்கோஸ் மேடு
11 மார்ச் 2012

அன்புத் தங்கைக்கு,

இதைக் கூட்டுறவு லாரியில் நகரத்துக்குப் போகும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன், தபாலைவிட வேகம்.

உன் முதல் உறையை அவரைக்கொட்டை வேகும் பானையின் ஆவியில் காட்டித் திறந்தேன், பசை போட்டுத் திரும்ப ஒட்டினேன். பையன்கள் காப்பியடித்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று முப்பத்தெட்டு வருடம் பழகியவன், அந்த வித்தையை அவர்களிடமிருந்தே கற்றிருக்கிறேன்.

ஏன் என்று கேட்டாய். எனக்குச் சீழ்க்கை புரியாது, ஒத்திலியா. ஊருக்குத் திரும்பியதிலிருந்து ஒருநாளும் புரிந்ததில்லை.

ஏழு வயதில் என்னை நகரத்து அத்தை வீட்டில் விட்டார்கள், அதற்குமுன் காதில் விழுந்ததெல்லாம் அங்கே மறந்துபோயிற்று. பதினைந்து வருடம் கழித்து வாத்தியாராகத் திரும்பினேன். முதல் வாரமே அப்பா எதிர்மலையிலிருந்து சீழ்க்கையில் கூப்பிட்டார். நான் நின்றேன். மறுபடி கூப்பிட்டார். நான் நடந்து வீட்டுக்குள் போய்விட்டேன். அன்று மாலை அம்மாவிடம், "படிச்சுட்டான்ல, திமிரு" என்றார். திமிர் என்று நினைத்தால் நினைக்கட்டும், தெரியாது என்று தெரிய வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அவர் இறக்கும்வரை அதைத் திருத்தவில்லை. பையன்கள் ஜன்னலுக்கு வெளியே சீழ்க்கையடிக்கும்போதெல்லாம் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். அதனால்தான் தண்ணீர். உனக்கும்.

உன் ஜனவரிக் கடிதத்தை ஒரு மாதத்துக்கு மேல் சட்டைப்பையில் வைத்திருந்தேன். உன் இரண்டாவது கடிதம் வந்த பிறகுதான் செனைதோ வீட்டுக்குப் போனேன். வேலிப்படலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையிலிருந்த தொர்த்தியா ரொட்டியை மென்று முடிக்கும்வரை என்னை நிற்கவைத்தான்.

"அப்போ அன்னிக்கு நான் கழுதைன்னு சொன்னது புரியலையா?"

"புரியல."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட."

"சே! வீணாப் போச்சே! ரெண்டு நாள் யோசிச்சு வெச்சிருந்தேன் வாத்தியாரே." பிறகு சிரிப்பை விட்டுவிட்டான். "அடிக்கிறேன். உங்க தங்கச்சிக்காக. ஆனா நாப்பதும் முடியுற வரைக்கும் நீங்க வாய் நிறையத் தண்ணி வெச்சுக்கிட்டு நிக்கணும்."

நின்றேன். புது உறையை அவனே பிரித்தான். கேட்க யாரை வைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எர்மெலிந்தா களத்தில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, காதில் விழுந்ததை, நீ புது உறையோடு அனுப்பிய இரண்டாவது ஒலிப்பதிவுக் கருவியில் வாயால் சொன்னாள். நான் நடுவில், கன்னம் உப்ப, ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும். பன்னிரண்டாவது வாக்கியத்தில் தாடை வலித்தது. இருபதில் கண்ணில் நீர் வந்தது. எட்டு வயதுப் பையன்களை இப்படி நிறுத்தினேன் என்று அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது. முப்பத்தொன்றில் கிழவி ஒருத்தி, "முழுங்கிடாதீங்க வாத்தியாரே, திரும்ப முதல்லருந்து!" என்று கத்த, கிட்டத்தட்ட விழுங்கிவிட்டேன்.

முடிந்ததும் செனைதோ இறங்கி வந்து, தன் கையாலேயே துண்டைக் கொடுத்தான்.

எர்மெலிந்தா முப்பத்தெட்டு சரியாகச் சொல்லியிருக்கிறாள், இரண்டு தவறு. இரண்டையும் நான் திருத்தவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நல்ல வாக்கியம் எதுவும் தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன்.

அண்ணன்,
ஃபிதென்சியோ


வின்னிபெக்
22 ஏப்ரல் 2012

அன்புள்ள அண்ணா,

இன்னும் இரண்டு வருடம் கொடுத்துவிட்டார்கள்! பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலேயே தள்ளிவிட்டேன்.

நம்பாத இருவரில் ஒருவர் எர்மெலிந்தா அண்ணியின் இரண்டு தவறுகளைத்தான் அதிகநேரம் பார்த்தார். "இதைப் பார்த்த பிறகுதான் மற்ற முப்பத்தெட்டையும் நம்புகிறேன்" என்றார். அண்ணியிடம் சொல். எதிர்வீட்டில் மூன்றாவது முறையும் சொல்லட்டும். இன்னொருவர், "அடிக்காதவர்களுக்கு எப்படி இவ்வளவு புரிகிறது?" என்று கேட்டார். என் அடுத்த இரண்டு வருடத்துக்கு அதுதான் கேள்வி.

வெளியே வரும்போது ஹால்டார்சன் அம்மா கேட்டார்: "உனக்கு அடிக்க வருமா?" எங்கள் ஊரில் பெண்கள் அடிப்பதில்லை என்றேன். "நான் அதைக் கேட்கவில்லையே" என்றார். ஒன்பது வயதுக்குப் பிறகு முயன்று பார்த்ததே இல்லை.

நீ தேடும் வாக்கியம் எனக்கு வேண்டாம், அண்ணா. அப்பாவைப் பற்றி எழுதினாயே, அது போதும். ஒன்று தெரிந்துகொள்: அவர் அன்று எதிர்மலையிலிருந்து என்ன கூப்பிட்டார் என்று அம்மா என்னிடம் பிறகு சொல்லியிருக்கிறார். "மகனே, வந்துட்டியா, சாப்பிட வா." அவ்வளவுதான்.

உன்,
ஒத்திலியா


சான் மார்கோஸ் மேடு
20 மே 2012

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை எர்மெலிந்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா கூப்பிட்ட இடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். அவள் எழுந்து போய் அவரையைக் கிளறினாள், கிளற வேண்டிய அவசியமே இல்லை.

மறுநாள் முதல் செனைதோவிடம் பாடம் கேட்கிறேன். காலையில் சரிவில், காப்பிச் செடிகளுக்கு நடுவே. கண்டிப்பான வாத்தியார். என் சீழ்க்கையில் காற்றுதான் அதிகம், சொல் கம்மி. முதல் தேர்வு வைத்துவிட்டு, "நாப்பதுக்கு நாலு, வாத்தியாரே" என்றான். "அதுலயும் ஒண்ணு கருணை மதிப்பெண்."

அந்த நாலில் ஒன்று உன் பெயர். இன்னொன்று "சாப்பிட வா." ஒலிப்பதிவு அட்டையை இதோடு அனுப்புகிறேன். கேட்டால் சிரிப்பாய், சிரி. பின்னணியில் நாய் குரைக்கும், அது என்னைப் பார்த்துத்தான்.

நீ ஒன்பது வயதில் ஜன்னலிலிருந்து அடித்த பதிலை நான்தான் தண்ணீரால் அடைத்தேன். பெண் அடிப்பதா என்று இனி இந்த ஊரில் யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குக் கடிதம் எழுதாதே, ஒத்திலியா. இதை வாசித்த மறுநாள் காலை அங்கே ஆற்றங்கரைக்குப் போ, ஒலிப்பதிவுக் கருவியைப் போடு, உதட்டை நனைத்துக்கொள், எனக்குப் பதில் சீட்டியடி.

அண்ணன்,
ஃபிதென்சியோ