ஏழு சுற்றுச் செப்புக்குழாய்

1993 ஓகஸ்ட் 1, ஞாயிறு

விடியவே சோளகக் காற்று தொடங்கிவிட்டது. முற்றம் முழுக்கப் புழுதி. காபரேட்டர் கழுவவேண்டும். பிளக்கில் கரி.

காபரேட்டரைக் கழற்றும்போதெல்லாம் ஒரு கேள்வி ஞாபகத்துக்கு வரும். படிப்பித்த காலத்தில் ஒருநாள், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பம்பியை வகுப்புக்குக் காட்டவென்று கழற்றினேன். முன்வாங்கில் இருந்த பிள்ளையொன்று எழும்பி, "சேர், நல்லா ஓடுற மெசினை ஏன் கழட்டிறியள்?" என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். என்ன பதில் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சொல்லவில்லை போலும்.

ஒன்பது மணிக்குச் சாவகச்சேரிச் சந்தி. மூடிக்கிடக்கும் பெற்றோல் செட்டின் கூரைக்குக் கீழே எங்கள் கூட்டம். யுத்தத் தடையால் பெற்றோல் வராமற்போன நாளிலிருந்து ஞாயிறுதோறும் இதுதான். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்திவிட்டு, எவர் எதை எப்படி மாற்றினார் என்று கதைப்பது. இன்று ஆறு சைக்கிள். முக்கியமான மூன்றைக் குறித்துவைக்கிறேன்:

மரியதாஸ் – குருநகர்க்காரர், வள்ளங்களுக்கு இயந்திரம் பூட்டியவர், ஷெல்லடிக்குப் பிறகு பிள்ளைகளோடு இங்கே. யப்பான் ஐம்பது சீசீ. செப்புக்குழாய் இரண்டு சுற்று. போத்தலுக்கு 20 மைல். புகை: அடுப்படி மாதிரி.
நான் – யப்பான் எழுபது. மூன்று சுற்று. போத்தலுக்கு 28 மைல் என்று சொன்னேன். (22.)
நடராசர் – சீமெந்துக் கடைக்காரர். யப்பான் தொண்ணூறு. ஏழு சுற்று! போத்தலுக்கு 40. புகை இல்லை. மணம்கூட இல்லை.

சுற்று என்றால் இதுதான்: குளிர்ந்த மண்ணெண்ணெய் சரியாக எரியாது. மார்கழியில் உறைந்த தேங்காயெண்ணெயை வெயிலில் வைத்து இளக்குவதுபோல அதையும் சூடாக்கவேண்டும். சைலன்சரைச் சுற்றிச் செப்புக்குழாய். எண்ணெய் அதற்குள்ளால் வந்து, சூடேறி, காபரேட்டருக்குப் போகும்.

"மண்ணெண்ணெய்க்கு மணம் இல்லாமல் போகுமோ, மாஸ்ரர்?" மரியதாஸ் என் காதுக்குள்.

"முழுக்க எரிஞ்சால் மணம் எங்கையிருந்து வரும்?"

நடராசருக்குக் கேட்டுவிட்டது. "உவன் வள்ளத்துக்காரன். புகை வராட்டில் உவனுக்கு மெசின் ஓடுதெண்டே தெரியாது."

எல்லோரும் சிரிப்பு. மரியதாஸும் சிரித்தார். அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஓகஸ்ட் 4, புதன்

வெயில். சவுக்காரம் இல்லை. மகளின் கடிதம் கனடாவிலிருந்து, ஐந்து வாரம் பழையது.

மனைவி பூமணிக்கு இடது கண்ணில் குத்து. விளக்கைச் சுற்றி வட்டமாக நிறங்கள் தெரிகின்றனவாம். முன்னரே டொக்டர் சொன்னதுதான்: கண்ணுக்குள் அழுத்தம். சத்திரசிகிச்சை செய்தால் இருக்கிற பார்வை நிற்கும். விட்டால், போனது திரும்பாது. அழுத்தத்தைக் குறைக்கும் துளிமருந்து முடிந்து ஒரு மாதம். கப்பலில் வருமாம்.

பின்னேரம் நல்ல செய்தி. மானிப்பாய் ஆசுப்பத்திரிக்குக் கொழும்பிலிருந்து கண் சத்திரசிகிச்சை நிபுணர் வருகிறார். 12ஆம் திகதி வியாழன் காலை எட்டிலிருந்து பத்துவரை பார்ப்பார். தெரிவானவர்களுக்கு அன்றும் வெள்ளியும் சத்திரசிகிச்சை. சனி திரும்பிவிடுவார். அடுத்த முறை எப்போது என்று எவருக்கும் தெரியாது. பூமணியின் இலக்கம் 14.

"ஆறரைத் தட்டிவானிலை போவமே?" என்றாள். பலகை அடித்த பழைய வான். கோழி, தேங்காய், மரக்கறிக் கடகங்களோடு சனமும்.

"அதுக்குள்ளை நசிஞ்சு ஏன்? எங்கடை சைக்கிள் ஒரு மணித்தியாலத்திலை கொண்டுபோய் விடும்."

"உங்கடை சைக்கிளின்ரை புகை என்ரை கண்ணைத்தான் தேடி வரும்."

நியாயம். புகையைக் குறைக்கவேண்டும்.

ஓகஸ்ட் 8, ஞாயிறு

காற்று. நேற்று இரண்டு தரம் பொம்மர் விமானம் சுற்றிவிட்டுப் போனது.

செட்டில் நான்கு பேர்தான். நடராசரிடம் விபரமாகக் கேட்டேன். குழாயின் உள்விட்டம்? கால் அங்குலம். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடைவெளி? விரற்கடை. ஏழும் சைலன்சரைத் தொடுகிறதா? "தொடவேணும் மாஸ்ரர், இறுக்கித் தொடவேணும்." கொப்பியில் படம் கீறினேன். அவர் பார்த்து, "அச்சா அப்பிடியே" என்றார்.

மரியதாஸ்: "மூண்டுக்கு மேலை போகாதேங்கோ. ஓடுறது ஓடட்டும்."

மானிப்பாய்ப் பயணத்தைச் செட்டில் சொல்லவில்லை. போய்வந்து சொல்லலாம்: இரண்டு பேர், பதினைந்து மைல், புகை இல்லை, இத்தனை போத்தல். நடராசரின் முகத்தை அப்போது பார்க்கவேண்டும்.

ஓகஸ்ட் 11, புதன்

கடும் வெயில். செய்தவை:
பழைய குளிர்பெட்டியிலிருந்து குழாய் – பன்னிரண்டு அடி
ஏழு சுற்று, ஈயம் வைத்து ஒட்டியாயிற்று
பிளக் தேய்த்தது
சங்கிலிக்கு எண்ணெய்

இயந்திரத்தைக் கிளப்பக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். காபரேட்டருக்குள் ஏழெட்டுத் துளி. சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்தத் துளிகளுக்கென்று எல்லோரும் வைத்திருப்பது கண்மருந்துப் போத்தல்தான். பிதுக்கினால் அளவாக விழும். என்னுடையது பூமணியின் வெறும்போத்தல்.

ஒழுங்கையில் ஒரு மைல் ஓடிப்பார்த்தேன். பட்டுப்போல. புகை பாதிக்குமேல் குறைவு. பூமணி படலையில் நின்று, "ஓம், இப்ப பறவாயில்லை" என்றாள். சந்தோசம்.

ஓகஸ்ட் 12, வியாழன்

எழுத மனமில்லை. ஒழுங்காக எழுதவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

6.10 – புறப்பாடு. பூமணியின் மடியில் பை. துவாய், மாற்றுச்சேலை, இடியப்பம்.

6.50 – கைதடி தாண்டி, கோப்பாய்க்குப் போகும் கடல்வெளிப் பாதை. நடுவில் நின்றுவிட்டது. இரு பக்கமும் உப்புநீர். மரமில்லை, வீடில்லை. சோளகம் ஆளைத் தள்ளுகிறது.

குழாயைத் தொட்டேன். கை சுட்டது. ஏழு சுற்றுக்குள்ளும் எண்ணெய் கொதித்து ஆவியாகிவிட்டது. இளநீரைக் குழலால் உறிஞ்சும்போது குழலில் ஓட்டை இருந்தால் வாய்க்குக் காற்றுத்தான் வரும். இயந்திரத்துக்கும் அதே கதி. ஒரு மைல் ஓட்டத்தில் இது தெரியாது. ஏழு மைலில்தான் தெரியும். முப்பத்தொரு வருடம் படிப்பித்த பாடம்.

ஆறவிட்டேன். எட்டுத் துளி. கிளம்பியது. முந்நூறு யார் தூரம். நின்றது.

7.05 – ஆறரைத் தட்டிவான் எங்களைக் கடந்து போனது. இடமில்லை. மேலே இருந்த ஒருவன், "மாஸ்ரர், தள்ளுங்கோ தள்ளுங்கோ!" என்று கத்தினான். பகிடிக்குத்தான்.

ஆறவிட்டேன். துளி. இருநூறு யார்.

7.25 – மிதிசைக்கிளில் ஒரு மனிதர். வெறும் கரியர். நிறுத்தினார்.

"எங்கை ஐயா போகவேணும்?"

"மானிப்பாய் ஆசுப்பத்திரி."

"நான் கோண்டாவில் மட்டும். பறவாயில்லை, அம்மாவை மானிப்பாயிலையே விட்டிட்டுப் போறன். ஏறுங்கோவன், அம்மா."

பூமணி பையை எடுத்துக்கொண்டாள். "நான் தம்பியோடை போறனே?"

"இவ்வளவு தூரம் கரியரிலை எப்பிடி இருப்பீர்? இன்னும் ஒருக்காப் பாப்பம். இப்ப வெளிக்கிட்டிடும்."

அவர் சற்று நின்றார். பிறகு போய்விட்டார்.

கரியரில் அவளுக்கு முதுகு நோகுமே என்று யோசித்து நான் அப்படிச் சொல்லவில்லை. எழுதிவிடுகிறேன். ஏழு சுற்றோடு மானிப்பாய் வாசலில் போய் இறங்கவேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான்.

ஆறவிட்டேன். துளி. பெற்றோல் முடிந்தது.

குழாயைக் கழற்றிவிட்டு ரப்பர்க்குழாயால் நேரே கொடுக்கலாம் என்றால், ஈயம் வைத்து ஒட்டியவன் நான். குறடும் வீட்டில்.

9.20 – வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம். சைக்கிளையும் எங்களையும் ஏற்றினார்கள்.

10.25 – மானிப்பாய். வராதவர்களின் இடத்துக்கு, இலக்கமில்லாமல் வராந்தாவில் காத்திருந்தவர்களை எடுத்துவிட்டார்கள். தாதி மிகவும் தன்மையாகச் சொன்னார். "பதினாலை மூண்டுதரம் கூப்பிட்டனாங்கள், ஐயா." இரண்டு நாளுக்கும் ஆள் நிறைந்துவிட்டது. பூமணியின் இடத்துக்குப் போனது கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய். அவளைக் கோபிக்க என்ன இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பூமணி இடியப்பத்தை எடுத்துக் கோழிக்குப் போட்டாள்.

ஓகஸ்ட் 15, ஞாயிறு

செட்டுக்குப் போகவில்லை. மிதிசைக்கிளில் நேரே நுணாவில், நடராசர் வீடு. மாட்டுக்கொட்டிலில் அவருடைய தொண்ணூறு.

"உங்கடை குழாயை ஒருக்காப் பாக்கவேணும்."

"பாருங்கோவன். என்ன, உங்கடை சரிவரேல்லையே?"

இருக்கைக்குக் கீழே போகும் முனையின் சுரையைத் தளர்த்தினேன். "என்னத்துக்கு மாஸ்ரர் இப்ப..." என்று எழும்பினார். முனை கையோடு வந்துவிட்டது. ஒரு துளி எண்ணெய் இல்லை. வாயை அடைத்துக்கொண்டு குளவிக்கூடு. காய்ந்த மண். மற்ற முனை நசுக்கி மூடியிருந்தது. உள்ளே வேறொரு குழாய் தாங்கியிலிருந்து காபரேட்டருக்கு நேராகப் போகிறது. தாங்கியின் மூடியைத் திறந்தேன். பெற்றோல்.

புகை இல்லை, மணம் இல்லை என்று செட்டில் நின்று மெச்சியவன் நான்.

"பெற்றோல் வைச்சிருக்கிறன் எண்டு சந்தியிலை நிண்டு சொல்லேலுமே? ஆர் தந்தது, எவ்வளவு கிடக்கு எண்டு அடுத்தநாளே ஆள் வந்து நிக்கும். மறைப்புக்கு ஒரு குழாயைச் சுத்தினன். நீங்களெல்லாம் பெரிசாக் கதைக்கத் தொடங்கியிட்டியள்."

"நான் படம் கீறினனான், நடராசர். அச்சா அப்பிடியே எண்டு சொன்னனீங்கள்."

"நீங்கள் அதை உண்மையாச் சுத்துவியள் எண்டு நான் கண்டனானே? அங்கை ஆர் உண்மை சொல்லுறது? நீங்கள் மட்டும்? உங்கடை எழுவதிலை இருவத்தெட்டு மைலோ?"

பிறகு நடந்ததைச் சொன்னேன். பாதை, இலக்கம், கண். அவர் கொட்டில் நிலத்தில் குந்திவிட்டார்.

"ஒரு சொல்லு. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் ஒரு போத்தல் தந்திருப்பனே. அக்காவின்ரை கண்ணல்லே."

தந்திருப்பார். அதுதான் தாங்கமுடியாமல் இருக்கிறது.

ஓகஸ்ட் 29, ஞாயிறு

புழுக்கம். முருங்கையில் மயிர்க்கொட்டிப் புழு. கொளுத்தவேண்டும்.

மரியதாஸ் நண்டு கொண்டுவந்தார். கேட்காமலே என் சைக்கிளில் குந்தி நான்கு சுற்றை வெட்டி எடுத்தார். மூன்றோடு கிளப்பினார். புகைத்துக்கொண்டு, இருமிக்கொண்டு, ஓடியது.

"நான் அண்டைக்கே சொன்னனான்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பூமணியிடம்: "அக்கா, மாஸ்ரரோடை கோவிச்சுக்கொண்டு இராதேங்கோ. மனிசன் நல்லெண்ணத்திலை செய்தது."

"கோவம் என்னத்துக்குத் தம்பி? ஒரு கண்ணாலை பாக்க இவர் பாதிதான் தெரியிறார். அதுவே காணும் எனக்கு."

மரியதாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும். நான் குறடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நிபுணர் மறுபடி எப்போது வருவார் என்று ஆசுப்பத்திரியில் விசாரித்தது இது நாலாம் தரம். தெரியாது.

செப்ரெம்பர் 19, ஞாயிறு

மழை முகில், மழை இல்லை. செட்டில் இப்போதும் கூடுகிறார்களாம். ஒன்பது சுற்று என்று எவரோ புதிதாக.

இடது கண்ணுக்கு நேரே விளக்கைப் பிடித்தேன். "பிடிச்சிட்டீங்களோ?" என்று கேட்டாள். கன்னத்தில் சூடு பட்ட பிறகுதான் ஓம் என்றாள்.

காலையில் எனக்கு இரண்டு தகரப் பேணிகளில் தேநீர் ஆற்றினாள். முழுவதும் பேணிக்கு வெளியே, அவளின் இடப்பக்கம் இருந்த என் முழங்காலில். அவள் அதைக் காணவில்லை. பேணி நிறைந்துவிட்டதென்று என்னிடம் நீட்டினாள். வாங்கி, வெறும் பேணியைக் குடித்தேன். சீனி அளவோ என்று கேட்டாள். அளவு என்றேன்.

ஒரு கண் போனால் மற்றக் கண் இருக்கிறதே என்று பார்க்க வருபவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். ஒரு கண்ணுக்கு எல்லாம் தெரியும், தூரம் மட்டும் தெரியாது. விளங்கப்படுத்தினால் தலையாட்டுகிறார்கள். இந்தக் கொப்பி எவர் கையிலாவது அகப்பட்டால், அவர் தலையாட்ட வேண்டாம். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, கையை நீட்டிப் பிடித்து, ஒரு பேணியிலிருந்து மற்றப் பேணிக்குத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.